காட்டு விலங்குகளின் முகத்தைப் பேனாவாலும் மையாலும் வரைவது எப்படி?

ஒரு புலியின் முகத்தில் செம்மஞ்சள், வெள்ளை, கறுப்பு, மூக்கில் இளஞ்சிவப்பு, கண்ணில் பொன்மஞ்சள் என ஐந்து நிறங்கள் இருக்கின்றன. அதை வரைய உட்காருகிறவரின் மைக்குப்பியில் இருப்பதோ கறுப்பு மட்டுமே. பென்சிலை மெல்லப் பிடித்தால் சாம்பல் நிறம் கிடைக்கும். பேனாவுக்கு அந்த வசதியும் கிடையாது. கோடு விழுந்த இடம் முழுக் கறுப்பு, விழாத இடம் முழு வெள்ளை. மைச்சித்திரத்தில் நாம் காணும் சாம்பல் எல்லாம், கோடுகளுக்கு இடையே தாள் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பார்த்து நம் கண் தானாகவே கலந்துகொள்ளும் சாம்பல்தான். போட்ட கோட்டைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஆகவே இந்தக் கலையில் எங்கே வரைவது என்று யோசிப்பதற்கு முன்பே, எங்கே வரையாமல் விடுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். கீழே சொல்லப்போகும் கருவிகள், முன்வரைவு, ரோமம், கண், மீசை ஆகிய எல்லாமே இந்த ஒரு முடிவைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தாம்.

கருவிகள்

தொடங்குகிறவர்களுக்கு, ஒரே தடிமனில் மெல்லிய கோடு தரும் ஃபைன்லைனர் பேனாக்களையே பரிந்துரைப்பேன். சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான், ஸ்டெட்லர் நிறுவனத்தின் பிக்மென்ட் லைனர் போன்றவற்றில் நிறமித்துகள் கலந்த மை இருக்கிறது. அது உலர்ந்தபின் நீரில் கரையாது, வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது. சாதாரண ஊற்றுப்பேனா மைகள் பெரும்பாலும் சாயத்தால் ஆனவை என்பதால், சுவரில் மாட்டிய படம் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறி மங்கிவிடக்கூடும். மைக்ரான் பேனாவின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 005 என்பது 0.20 மி.மீ. கோட்டையும், 01 என்பது 0.25 மி.மீ. கோட்டையும், 05 என்பது 0.45 மி.மீ. கோட்டையும் தரும். ஏ4 அளவிலான ஒரு முகத்துக்கு இந்த மூன்றும், பெரிய கறுப்புப் பகுதிகளை நிரப்ப ஒரு தூரிகைப் பேனாவும் போதும். மெல்லிய முனைகளை அழுத்தினால் அவை உள்ளே நசுங்கிவிடும். இந்தப் பேனாவைத் தாளின்மேல் அதன் சொந்த எடையிலேயே நகரவிட வேண்டும். மை தீரும் நிலைக்கு வந்த பேனாக்களைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றின் வறண்ட, விட்டுவிட்டு விழும் கோடு, காதின் உட்புறத்து மென்ரோமத்துக்கும் மோவாயின் வெண்மைக்கும் புதுப் பேனாவால் தர முடியாத மென்மையைத் தரும்.

கை ஓரளவு பழகியபின் தொட்டெழுதும் பேனாவுக்கு மாறுவது நல்லது. அதன் உலோக நிப், அழுத்தினால் இரண்டாகப் பிரிந்து தடித்த கோட்டையும், அழுத்தத்தை விட்டால் மீண்டும் கூடி மயிரிழை போன்ற கோட்டையும் தருகிறது. ஒரு ரோமம் வேரில் தடித்து நுனியில் மெலிவதை ஒரே வீச்சில் காட்டிவிடும் கருவி இதைப்போல் வேறில்லை என்பது என் எண்ணம். புது நிப்பின்மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டுத் துடைத்தபின்தான் மை அதில் ஒட்டும். இந்தியன் இங்க் எனப்படும் கெட்டி மையில் கரித்துகளும், பல வகைகளில் அரக்குப் பசையும் இருப்பதால், அது நிப்பிலேயே காய்ந்து இறுகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். அதே மையை ஊற்றுப்பேனாவில் நிரப்பினால், அந்தப் பேனா அடைத்துக்கொண்டு வீணாகும்.

தாள் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான தாளில் நிப் நாரைக் கிளறி மையைத் தெறிக்கவைக்கும். பிரிஸ்டல் போர்டு எனப்படும் வழவழப்பான வரைதாள் அட்டை, அல்லது ஹாட் பிரெஸ் எனப்படும் சூடாக அழுத்தி வழவழப்பாக்கிய நீர்வண்ணத் தாள், 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையில், அமிலமற்றது என்று குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கனமான தாள் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: தவறிப்போன கோட்டைக் கத்திமுனையால் சுரண்டி எடுக்க வேண்டிவந்தால், மெல்லிய தாள் கிழிந்துவிடும். வாங்கிய தாளின் மூலையில் ஒரு கோடு போட்டுப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கோட்டின் ஓரம் வேர்விட்டதுபோலக் கசிந்திருந்தால் அந்தத் தாள் இந்த வேலைக்கு ஆகாது.

மாதிரிப் படம்

நேரில் பார்த்து வரைவதுதான் சிறந்த பயிற்சி. ஆனால் காட்டு விலங்கு நமக்காக அசையாமல் உட்காராது என்பதால், முழுமையான ஒரு முகச்சித்திரத்துக்குப் புகைப்படம் தேவைப்படும். நீங்களே எடுத்த படமாகவோ, எடுத்தவர் அனுமதி தந்த படமாகவோ அது இருக்கட்டும். ஒரே படத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அதே இனத்தைப் பக்கவாட்டிலும் நேரெதிரிலும் காட்டும் மூன்று நான்கு படங்களை அருகில் வைத்துக்கொண்டால், முதன்மைப் படத்தில் நிழலுக்குள் மறைந்துபோன தாடையெலும்பு எங்கே திரும்புகிறது என்பது விளங்கும். மிக நெருக்கத்தில் எடுத்த படங்களில் மூக்கு பெருத்தும் காதுகள் சிறுத்தும் தெரியும். அப்படிப்பட்ட படத்தை அளவெடுத்து வரைந்தால் அளவு சரியாகவும் விலங்கு தவறாகவும் இருக்கும். பக்கவாட்டிலிருந்து ஒளி விழும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரெதிர் ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தின் மேடுபள்ளங்களை எல்லாம் தட்டையாக்கிவிடுகிறது. கறுப்பு வெள்ளையை மட்டும் நம்பியிருக்கும் ஓவியருக்கோ அந்த மேடுபள்ளந்தான் முழு மூலதனம்.

பார்க்காத விலங்கை வரைந்தால் என்ன நேரும் என்பதற்கு ஓவிய வரலாற்றிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1515 மே மாதம் குஜராத் சுல்தான் கொடுத்தனுப்பிய காண்டாமிருகம் ஒன்று லிஸ்பன் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அதை ஒருபோதும் நேரில் காணாத ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், ஒரு கடிதத்தையும் யாரோ வரைந்த குறிப்புச் சித்திரத்தையும் வைத்துக்கொண்டு முதலில் பேனாவால் அதை வரைந்து, பிறகு மரச்செதுக்கு அச்சாக வெளியிட்டார். தோல்மடிப்புகள் ஆணியடித்த கவசத் தகடுகளாக மாறின. தோளுக்கு மேலே, இல்லாத ஒரு சிறு கொம்பும் முளைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியர்கள் அதையே உண்மையான காண்டாமிருகம் என்று நம்பினார்கள். அந்தக் கோடுகளின் அழகையும் உறுதியையும் நான் இன்றும் வியந்து பார்க்கிறேன். கோடு எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தவறும் உறுதியாக நம்பப்படும் என்பதால்தான், மாதிரிப் படங்களைச் சேர்ப்பதில் சோம்பல் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

இனம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த இனத்தின் குறிப்பான அடையாளங்களும் தெரிந்திருக்க வேண்டும். புலி, சிங்கம், சிறுத்தை ஆகிய பெரும்பூனைகளின் கண்பாவை வட்டமானது. வீட்டுப் பூனையைப் போலச் செங்குத்துக் கீற்றாக அதை வரைந்தால் முகம் முழுவதும் பொய்யாகிவிடும். நரிக்குச் செங்குத்துக் கீற்று, ஓநாய்க்கு வட்டம், மானுக்குப் படுக்கைவாட்டில் நீண்ட கண்பாவை. சிறுத்தையின் உடலில் இருக்கும் பூப்போன்ற வளையங்கள் முகத்துக்கு வரும்போது நிறைந்த சிறு புள்ளிகளாகிவிடுகின்றன. ஆசிய யானையின் நெற்றி இரண்டு மேடுகளாகவும் ஆப்பிரிக்க யானையின் நெற்றி ஒரே வளைவாகவும் இருக்கும். புலியின் வரிகளோ ஒவ்வொரு புலிக்கும் வேறுபடுகின்றன. ஆகவே பொதுவான வரிகளைக் கற்பனையாகப் போடாமல், உங்கள் எதிரில் இருக்கும் அந்த ஒரு புலியின் வரிகளை எண்ணிப் பார்த்து வரையுங்கள்.

முன்வரைவும் திசைப்படமும்

முன்வரைவை நல்ல தாளில் நேராகப் போடாமல் வேறொரு தாளில் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு கண்களுக்கும் இடையே ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரு கோடு, மூக்கின் அகலம், காதுகள் தொடங்கும் உயரம் ஆகியவற்றைக் கண்ணின் அகலத்தை அலகாகக் கொண்டு அளந்தால் பெரும்பாலான தவறுகள் இங்கேயே பிடிபட்டுவிடும். முடிந்த வரைவைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடவலம் மாறித் தெரியும்போது கோணலான கண் உடனே கண்ணில் படும். பிறகு டிரேசிங் தாளின் பின்புறத்தில் பென்சிலைத் தேய்த்து, அதன் வழியாக வரைவை நல்ல தாளுக்கு மாற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் கார்பன் தாளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் மெழுகுக் கோடு அழியாது, மையையும் ஒட்டவிடாது. மாற்றிய கோடுகள், மாவுபோலப் பிசையக்கூடிய அழிப்பானால் ஒற்றி எடுத்தபின், அருகில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரியுமளவு மங்கலாக இருக்கட்டும். அடர்த்தியான பென்சில் கரியின்மேல் மை சறுக்கி விட்டுவிட்டு விழும்.

அடுத்து வரும் வேலையைப் பலர் தேவையில்லை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். முன்வரைவின்மேல் ஒரு டிரேசிங் தாளை விரித்து, முகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ரோமம் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பதைச் சிறு அம்புகளால் குறியுங்கள். பெரும்பூனை ஒன்றின் முகத்தில் ரோமம் மூக்குத் தண்டில் மிகக் குட்டையாகத் தொடங்கி நெற்றியை நோக்கி மேலேறுகிறது. கண்களுக்கு மேலே விசிறிபோல இருபுறமும் விரிகிறது. கன்னத்தில் பின்னோக்கிச் சாய்ந்து கீழிறங்குகிறது. மோவாயில் நேராகத் தொங்குகிறது. ஏ4 அளவுச் சித்திரத்தில் மூக்குத் தண்டில் ஒரு மில்லிமீட்டர், நெற்றியில் மூன்று நான்கு, கன்னத்தின் ஓரத்தில் எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் என்று கோட்டின் நீளமும் படிப்படியாக வளரும். அம்புகளோடு, முழு வெள்ளையாக விட வேண்டிய இடங்களையும் அதே டிரேசிங் தாளில் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணின் ஒளிப்புள்ளி, மீசை, மூக்கின் ஈரப் பளபளப்பு, காதோரத்தில் வெயில் பட்ட ரோமம். வரையும் நேரம் முழுவதும் இந்தத் திசைப்படம் உங்கள் இடப்பக்கத்தில் இருக்கட்டும்.

கண்

வேறு எந்தப் பகுதிக்கும் முன்பாகக் கண்ணை வரைந்துவிடுங்கள். கண் சரியாக வராவிட்டால் அந்தத் தாளில் மேற்கொண்டு முப்பது மணி நேரம் செலவிட வேண்டிய அவசியமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. கண்பாவையின் கறுப்புத்தான் படத்திலேயே அடர்ந்த கறுப்பு. அதை முதலில் வைத்துவிட்டால் மற்ற நிழல்கள் அதைவிட எவ்வளவு வெளிறியிருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு கிடைத்துவிடுகிறது.

புலியின் இடக்கண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒளிப்புள்ளியின் எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் கண்பாவையின் மேல் ஓரத்தில், பாதி பாவையின்மேலும் பாதி அதைச் சுற்றியுள்ள நிறவளையத்தின்மேலும் விழும். திறந்த வெளியில் அது வானத்தின் பிரதிபலிப்பு என்பதால் முழு வட்டமாக இருப்பதில்லை. மேலிமையின் நிழலால் வெட்டப்பட்ட அரைவட்டமாகவோ வளைந்த பட்டையாகவோ இருக்கும். அதைச் சுற்றி மையால் கோடு போடாதீர்கள். சுற்றிலும் இருக்கும் இருட்டே அதன் விளிம்பாகட்டும். பிறகு 005 பேனாவால் கண்பாவையை நிரப்புங்கள். ஒரே தடவையில் நிரப்பாமல், வளைந்த குறுங்கோடுகளாக மூன்று நான்கு அடுக்குகள் போட்டால், கறுப்புக்கு ஆழம் வரும், ஓரமும் கசியாது.

நிறவளையத்தில் கோடுகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஓட வேண்டும். கண்பாவையிலிருந்து வெளியே செல்லும் சில கோடுகள், வெளிவட்டத்திலிருந்து உள்ளே வரும் சில கோடுகள், இரண்டும் நடுவில் சந்திக்காமல் ஓரிடைவெளி என்று போட்டால், அந்த இடைவெளியே பொன்மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். வளையத்தின் மேற்பகுதியில் இமையின் நிழல் விழுவதால் அங்கே கோடுகளை நெருக்குங்கள். கீழ்ப்பகுதியில், ஒளிப்புள்ளிக்கு நேரெதிரே, தாளைக் கிட்டத்தட்ட வெறுமையாக விடுங்கள். விழியின் முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குமிழ்போல வளைந்திருக்கிறது. மேலிருந்து நுழைந்த ஒளி எதிர்ப்பக்கத்தில் போய்ப் படிந்து அந்த இடத்தை ஒளிரவைக்கிறது. இதை அறியாமல் வளையம் முழுவதையும் ஒரே அடர்த்தியில் நிரப்பினால், கண் சட்டையில் தைத்த பொத்தானைப்போல் தட்டையாகிவிடும்.

இமைகளின் ஓரம் புலிக்குக் கண்மை தீட்டியதுபோல் கறுத்திருக்கும். உள்மூலையில் அந்தக் கறுப்பு மூக்கை நோக்கி ஒரு கூரிய நுனியாக இறங்கும். கீழிமையின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு மயிரிழை அகலத்துக்கு வெள்ளை விடுங்கள். அங்கே கண்ணீர் தேங்கி ஒளியைப் பிடிக்கிறது. இந்த ஒற்றை வெள்ளைக் கோடு கண்ணுக்கு ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். மான் போன்ற கருங்கண் விலங்குகளில் பாவையும் வளையமும் ஏறத்தாழ ஒரே இருட்டாக இருப்பதால், கீழோரத்தில் பிறை வடிவில் மெல்லிய சாம்பலைப் புள்ளிகளால் காட்டினால் போதும். இரண்டாவது கண்ணை முதல் கண்ணின் பிரதியாக வரையாதீர்கள். தலை சற்றே திரும்பியிருந்தால் அது குறுகும், நிழல் பக்கத்தில் இருந்தால் அதன் ஒளிப்புள்ளியும் சிறுக்கும்.

மூக்கும் மீசையும்

மூக்கின் நுனித்தோலில் ரோமம் இல்லை. நுண்ணிய மணல் பரப்பியதுபோன்ற தோல்தான் இருக்கிறது. அதனால் அங்கே கோட்டைக் கைவிட்டு, ஸ்டிப்ளிங் எனப்படும் புள்ளியிடல் முறைக்கு மாறுங்கள். நாசித்துளையின் இருட்டிலிருந்து தொடங்கி மேலே வரவரப் புள்ளிகளைத் தள்ளித்தள்ளி வைத்து, மேல்விளிம்பின் ஈரப் பளபளப்பில் நிறுத்திவிடுங்கள். பேனாவை நேர்செங்குத்தாகப் பிடித்தால்தான் புள்ளி வட்டமாக விழும். சாய்த்துப் பிடித்து அவசரப்பட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் வால் முளைத்துவிடும்.

மீசையைப் பற்றி ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். மூன்று வாரம் உழைத்து வரைந்த ஒரு சிறுத்தையின் முகத்தில், எல்லாம் முடிந்தபின் மீசையைக் கறுப்பு மையால் இழுத்துவிட்டேன். வெள்ளை மீசைக்கு வேறு வழி தெரியவில்லை. முகத்தின் மேல் கம்பிகளைக் குத்திவைத்ததுபோல் ஆயிற்று. அந்தத் தாள் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. மீசை, திசைப்படம் போடும்போதே முடிவாக வேண்டிய விஷயம் என்பதை அந்தச் சிறுத்தைதான் எனக்குக் கற்றுத்தந்தது. ஒவ்வொரு மீசை மயிரையும் பென்சிலால் இரட்டைக் கோடாக, வேரில் அகன்றும் நுனியில் இணைந்தும் குறித்துவைத்து, ரோமக் கோடுகள் அதன் இரு ஓரத்திலும் நின்றுவிடும்படி வரைந்தால், கறுப்பு வரிகளுக்கு நடுவே வெள்ளை மீசை தானாக எழுந்து நிற்கும். முகத்தைத் தாண்டி வெள்ளைத் தாளின்மேல் செல்லும் பகுதியை மட்டும் 005 பேனாவால் ஒரே வீச்சில், மிக மெல்லியதாக இழுக்கலாம். வெள்ளை ஜெல் பேனாவோ, குவாஷ் எனப்படும் அடர்த்தியான நீர்வண்ணமோ கொண்டு பின்னர் போடுவதும் உண்டு. ஆனால் அந்த வெள்ளை தாளின் வெள்ளையோடு ஒன்றாமல் தனியாகத் தெரியும் என்பதால், ஒன்றிரண்டு மயிர்களைச் சரிசெய்ய மட்டுமே நான் அதை எடுக்கிறேன். மீசை முளைக்கும் இடங்களில் இருக்கும் கறும்புள்ளி வரிசைகளை மறக்க வேண்டாம். அவை மேலுதட்டின் வளைவைப் பின்பற்றி வளைந்து செல்லும்.

ரோமம்

ரோமத்தை வரைவது என்றால் மயிர் மயிராக வரைவது என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் களைத்துப்போகிறார்கள். ரோமம் கற்றை கற்றையாகப் படிந்திருக்கிறது. ஒரு கற்றைக்கும் அடுத்த கற்றைக்கும் இடையில் சிறு முக்கோணமாக ஒரு நிழல் விழுகிறது. நாம் மையால் போட வேண்டியது அந்த நிழல்களை. கற்றையின் முதுகைத் தாள் பார்த்துக்கொள்ளும். பனிக்கரடி, வெண்ணரி போன்றவற்றின் முகத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும்: அங்கே ஒரு ரோமத்தைக்கூட வரையாமல், கற்றைகளின் அடியிலிருக்கும் நிழல்களை மட்டும் வைத்தே அடர்ந்த ரோமத்தைக் காட்டிவிடலாம்.

ஒவ்வொரு கோட்டையும் வேரிலிருந்து நுனியை நோக்கிப் போடுங்கள். தொடக்கத்தில் பேனா தாளில் அமரட்டும்; முடிவில் விமானம் தரையை விட்டு எழுவதுபோல மெல்ல எழும்பட்டும். ஃபைன்லைனர் அழுத்தத்துக்கு இணங்காது என்பதால் அதில் நுனி மெலிவது வேகத்தால்தான். மணிக்கட்டின் ஒரு சிறு சொடுக்கு போதும். கோட்டின் திசை மாறும்போதெல்லாம் கையைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். அடுத்தடுத்த கோடுகள் ஒரே நீளத்திலும் ஒரே இடைவெளியிலும் விழுந்தால் சீப்பால் வாரிய பொம்மை முடியாகிவிடும். ஒன்று சற்றே குட்டையாக, ஒன்று பக்கத்துக் கோட்டின்மேல் சாய்ந்து, ஒன்று முற்றிலும் விடுபட்டு என்று கை தன் போக்கில் மாறிக்கொண்டிருக்கட்டும்.

புலியின் வரிகளில்தான் மிகப் பெரிய சறுக்கல் நேர்கிறது. நெற்றியில் ஒரு வரி குறுக்காகச் செல்கிறது. அதைக் கண்டதும் கையும் குறுக்காகவே கோடிழுத்து நிரப்பிவிடுகிறது. ஆனால் அந்த வரி என்பது கறுப்பு நிறமுள்ள ரோமங்களின் தொகுப்பு; அந்த ரோமங்களும் பக்கத்திலுள்ள செம்மஞ்சள் ரோமங்களைப் போலவே மேல்நோக்கித்தான் வளர்ந்திருக்கின்றன. ஆகவே குறுக்கே செல்லும் வரியை, மேல்நோக்கிய குறுங்கோடுகளை நெருக்கி அடுக்கியே உருவாக்க வேண்டும். வரியின் மேல்விளிம்பில் கறுப்பு ரோமங்களின் நுனிகள் வெளிச்சத்துக்குள் நீளும்; கீழ்விளிம்பில் வெளிர் ரோமங்களின் நுனிகள் கறுப்புக்குள் நுழையும். இரண்டு விளிம்புகளும் இப்படி ரம்பப் பல்லாக இருந்தால்தான் வரி தோலில் முளைத்ததாகத் தெரியும். வழவழப்பான விளிம்போடு வரைந்த வரி, மேலே ஒட்டிய நாடாவாகவே இருக்கும்.

முகம் முழுவதையும் மூன்று சுற்றுகளாக முடிப்பது என் வழக்கம். முதல் சுற்றில் 01 பேனாவால் திசையை மட்டும், மிகவும் இடைவெளிவிட்டு நிறுவுகிறேன். இரண்டாம் சுற்றில் கன்னத்தின் அடிப்பக்கம், காதின் உட்குழி, தாடைக்குக் கீழே என்று நிழல் விழும் இடங்களில் அதே திசையில் மேலும் கோடுகளைச் சேர்க்கிறேன். மிக ஆழமான நிழலில் சற்றே கோணம் மாற்றிக் குறுக்குக் கோடுகளும் போடலாம், ஆனால் செங்கோணத்தில் போட்டால் ரோமம் மறைந்து சாக்குத்துணியின் பின்னல் தெரியத் தொடங்கும். மூன்றாம் சுற்றில்தான் 05 பேனாவையும் தூரிகைப் பேனாவையும் எடுத்து, வரிகளின் நடுப்பகுதியையும் வாயின் பிளவையும் முழுக் கறுப்பாக்குகிறேன். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சுருக்கிய கண்ணுக்கு ரோமம் தெரியாது, ஒளியும் நிழலும் மட்டுமே தெரியும். அப்போது முகம் உருண்டு திரண்டு நிற்கவில்லையென்றால், மேலும் ரோமம் சேர்ப்பதால் அது சரியாகாது. நிழலில்தான் குறை இருக்கிறது.

ரோமமில்லாத முகங்கள்

யானையின் முகத்தில் வேலை தலைகீழாகிறது. தும்பிக்கையின் சுருக்கங்கள் அதைச் சுற்றி வளையங்களாக ஓடுகின்றன. அந்த வளையங்களை வளைவு தவறாமல் போட்டால் அதுவே உருளை வடிவத்தைக் காட்டிவிடும், தனியாக நிழல் அதிகம் தேவையில்லை. தோலின் எல்லா வெடிப்புகளையும் வரைந்தால் படம் காய்ந்த ஏரிப்படுகையாகிவிடும். கண்ணைச் சுற்றியும் தும்பிக்கையின் அடியிலும் நுணுக்கமாக வரைந்து, நெற்றியின் வெளிச்சப் பகுதியில் சில உடைந்த கோடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யானையின் கண் முகத்தின் அளவுக்கு மிகச் சிறியது. நீண்ட இமைமயிர்கள் அதன்மேல் நிழல்விடுகின்றன. அதைப் பெரிதாக்கி அழகுபடுத்தும் ஆசை வரும், இடம்கொடுக்க வேண்டாம்.

ஆந்தையின் முகத்தில் இறகுகள் இரு கண்களையும் மையமாகக் கொண்டு தட்டுபோல விரிகின்றன. அங்கே நீண்ட கோடுகளைத் தவிர்த்து, மையத்திலிருந்து வெளியே தெறிக்கும் மிகக் குட்டையான கோடுகளையும் புள்ளிகளையும் கலந்து பயன்படுத்துங்கள். தட்டின் ஓரத்திலுள்ள கரிய விளிம்பை மட்டும் அழுத்தமாகக் காட்டினால் போதும்.

தவறுகளும் முடிக்கும் வேலையும்

வலக்கையால் வரைகிறவர்கள் மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறத்துக்கு நகர்ந்தால் ஈர மையின்மேல் கை படாது. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இதற்கு எதிராகச் செல்லலாம். எப்படியானாலும் கைக்கு அடியில் ஒரு சுத்தமான தாளை வைத்திருங்கள். விரல்களின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் மை சரியாகப் பிடிக்காது. மைத்துளி சிந்திவிட்டால் துடைக்காதீர்கள், துடைத்தால் அது நாருக்குள் பரவும். மையொற்றும் தாளின் ஒரு மூலையைத் துளியின் உச்சியில் மட்டும் தொட்டுப் பிடித்தால் பெரும்பகுதி மேலேறிவிடும். மிஞ்சிய கறையை நன்றாகக் காயவிட்டு, கூரிய கத்தியைப் படுக்கவைத்துப் பிடித்துச் சிறிதுசிறிதாகச் சுரண்டி, கிளம்பிய நாரைக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துப் படியவையுங்கள். அந்த இடத்தில் மீண்டும் மை போட்டால் கசியும் வாய்ப்பு இருப்பதால், வெள்ளையாகவே இருக்கப்போகும் இடத்துக்குத்தான் இந்த வைத்தியம் பொருந்தும்.

கழுத்தில் படத்தை எங்கே நிறுத்துவது என்பது பலருக்குச் சிக்கலாக இருக்கிறது. தலையைச் சுற்றி முழுக்கோடு போட்டு மூடாதீர்கள். கண்ணிலிருந்து தள்ளிப் போகப்போகக் கோடுகளை அரிதாக்கிக்கொண்டே சென்று, தோளுக்கு வருவதற்குள் சில கற்றைகளின் நிழல்கள் மட்டும் தாளில் மிதக்கும்படி விட்டுவிடுங்கள். பார்க்கிறவரின் கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். முகத்தின் ஒளிபட்ட பக்கத்திலும் இதே முறையில் சில இடங்களில் விளிம்பைத் திறந்துவிட்டால், அங்கே வெளிச்சம் நிறைந்து வழியும்.

பென்சில் கோடுகளை அழிக்க ஓர் இரவாவது காத்திருங்கள். ஈரம் மிச்சமிருக்கும் மை அழிப்பானோடு சேர்ந்து இழுபடும். காய்ந்த மையும்கூட அழுத்தித் தேய்த்தால் சற்றே வெளிறும். ஆகவே பிசைந்த அழிப்பானால் ஒற்றி ஒற்றி எடுங்கள். அழித்தபின் கறுப்புகள் எங்காவது சாம்பலாகத் தெரிந்தால் கண்பாவையையும் வரிகளின் நடுவையும் மறுபடி ஒருமுறை தொட்டுவிடுங்கள். பிரதியெடுப்பதானால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். அதற்குக் குறைந்தால் 0.20 மி.மீ. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடாமலிருக்க, அமிலமற்ற அட்டையால் ஓரத்தைச் சற்று உயர்த்திக்கொண்டு, நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். டிரேசிங் தாளில் போட்ட திசைப்படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த புலிக்கு வரிகள் மாறும், ரோமத்தின் திசை பெரும்பாலும் அதேதான்.